வலது பக்கத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரி

1

வியாழக்கிழமை தபால் பெட்டியில் அந்தக் கடிதம் கிடந்தது. எனக்கும் என் குடும்பத்துக்கும் ஜெர்மன் குடியுரிமை கொடுக்கச் சம்மதம் என்று எழுதியிருந்தார்கள். பதினாறு மாதம் காத்திருந்த கடிதம். மனைவி சுமதி சேமியா பாயசம் வைத்தாள். மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒருவழியா வந்துச்சா" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலருகே நின்றேன். பாயசம் ஆடை கட்டிப் போனது. அந்தக் கடிதம் எனக்கு எப்படி வந்தது, யார் வாயை மூடிக்கொண்டதால் வந்தது என்பது எனக்கும் ஊரில் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று மாலையே பழைய ஆபீஸ் நண்பர்களின் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கேயோ ஒரு புதுக் கம்பெனி, கணினிக்குள் செருகினால் கணக்குப் போடும் கார்டு செய்திருக்கிறதாம். பாதி விலை, இரண்டு மடங்கு வேகம். "பெரியவர் இனி காலி மச்சி" என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் பட்டாசுப் படம் போட்டார்கள். பெரியவர் என்று நாங்கள் சொல்வது உலகத்தின் கனமான கணக்குகளையெல்லாம் இன்று தன் கார்டில் ஓட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பெனியை. பேரைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கைபேசியில் எதைக் கேட்டாலும் எங்கேயோ அவருடைய கார்டு ஒன்று சூடாகிறது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "வேதகிரி, நீ அந்தக் கார்டு கூடவே கீற. இன்னா சொல்ற? பெரியவர் விழுவாரா?" என்று கேட்டார்கள்.

விழமாட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை அவரை லேசாக அசைக்கக்கூடிய ஓர் ஆள் வந்தான். அவன் காலை வாரியவன் நான்தான். குரூப்பில் ஒரு வரியில் இதை எழுத முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நான் திருக்கழுக்குன்றத்துக்காரன். இங்கே வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறும் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் அலுவலகத்தில் வேலை. வந்து பதின்மூன்று வருடம். காலை ஆறு ஐம்பது ரயில். ஏழே காலுக்கு இயந்திர அறை. முதல் நாள் ஓடிய நாற்பது கணக்குகளும் ஒழுங்காக முடிந்தனவா என்று பார்த்து, தடித்த அட்டை போட்ட குறிப்பேட்டில் கையால் எழுத வேண்டும். கணினி அலுவலகத்தில் கையால் எழுதும் குறிப்பேடு. முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

தணிகைவேல் செய்யூர்க்காரன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஆபீஸில் நானும் அவனும் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தோம். அவன் வீட்டுக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலையை அவித்து டிபன் கேரியரின் கீழ்த்தட்டில் கொண்டுவருவான். சாயங்காலம் அதற்குள் கைவிட்டுக்கொண்டேதான் எங்கள் சண்டையெல்லாம் நடக்கும். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். அவன் எதற்கும் பயப்படாதவன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாங்கியவன். அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று அவன் அப்பா ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் சென்டம். பேப்பரில் போட்டோ வந்தது.

ஒருநாள் பூஞ்சேரி கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தணிகை சொன்னான். "புயல் வந்தா நம்ம கரையில தண்ணி எம்மாந்தூரம் ஏறும்னு சொல்றதுக்கு அவன் கார்டு, அவன் சாப்ட்வேரு, அவன் லைசன்ஸு. அவன் இல்லன்னா நம்ம கடலு நமக்கே தெரியாது மச்சான். இது இன்னா பொழப்பு?"

"நீயும் நானும் என்ன பண்ண முடியும்?" என்று கேட்டேன்.

"உன்னால முடியாது. நீ இன்னா பண்ணுவ, ஜெர்மனி போவ" என்றான். அதுதான் நடந்தது. நான் இங்கே வந்தேன். அவன் வேலையை விட்டான். செங்கல்பட்டில் ஒரு டூவீலர் ஷோரூமுக்கு மேல்மாடியில் பதினோரு பேரை வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஒரு கார்டைச் செய்தான். வடிவமைப்பு இவர்களுடையது. வார்த்துக்கொடுத்தது வெளிநாட்டு ஆலை. பெயர் 'நாரை'. வேடந்தாங்கலுக்கு ஏதோ நாட்டிலிருந்து பறந்து வருவதைப் போல இது இங்கிருந்து பறந்து போகும் என்று அவன் மனைவி தேவி வைத்த பெயர்.

3

குரூப்பில் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வேகம் ஒரு விஷயமே இல்லை. உங்கள் வீட்டு மிக்ஸி பழசு. புதுசு ஒன்று பாதி விலையில் வருகிறது, நன்றாகவும் அரைக்கிறது. ஆனால் பழைய ஜார் அதில் உட்காராது. உங்களிடம் இருப்பதோ மூன்று ஜார் இல்லை, மூவாயிரம் ஜார். எங்கள் அலுவலகத்தில் பதினைந்து வருடமாக எழுதிய அத்தனை கணக்கும் பெரியவர் கார்டின் மேல் உட்காருவதற்காகவே எழுதியவை. எங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அவர் கார்டுக்கு வருகிற வியாதிக்குத்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் கல்லூரியிலேயே அதைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். அவரைத் தூக்கிப் போடுவதென்றால் எங்களையே தூக்கிப் போட வேண்டும்.

தணிகை செய்த வேலையின் சாமர்த்தியம் இதில்தான் இருந்தது. பழைய ஜார் அப்படியே அவன் மிக்ஸியில் உட்காரும். பெரியவருக்காக எழுதிய கணக்கை ஒரு எழுத்துகூட மாற்றாமல் நாரையில் ஓட்டலாம். உலகத்தில் இதைச் செய்துபார்த்துத் தோற்றவர்கள் நிறையப் பேர். இவன் செய்துவிட்டான். ஆனால் நம்புவதற்கு ஆள் இல்லை. யாராவது ஒருவர் ஓட்டிக் காட்டினால்தான் அடுத்தவர் ஓட்டுவார். முதல் ஆள் கிடைக்காமல் எட்டு வருடம் போனது.

சென்ற வருடம் பெரியவரின் கார்டு கேட்டு எங்கள் அலுவலகம் பல மாதம் வரிசையில் நின்றது. என் மேலதிகாரி ஃபிராவ் லோரன்ஸ் (ஃபிராவ் என்றால் இங்கே திருமதி) சலித்துப்போய், "வேறு யாரும் இந்த உலகத்தில் இதைச் செய்வதில்லையா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பதின்மூன்று வருடத்தில் அந்த அம்மாவின் கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

பிறகு படிவங்கள். விற்பவரை உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரியுமா என்று ஒரு படிவம். தெரியும், நண்பர் என்று உண்மையையே எழுதினேன். அதனால் மதிப்பெண் போடும் குழுவிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். காலையில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். எழுதுவதற்கு என்ன, யார் எழுதினாலும் ஒன்றுதானே என்று நினைத்திருப்பார்கள். நாரை சுங்கத்தில் மூன்று வாரம் அடைந்து கிடந்தது. பெட்டியின் மேல் எழுதியிருந்த பொருளின் பெயரும் உள்ளேயிருந்த தாளில் எழுதியிருந்த பெயரும் ஒன்றாக இல்லையாம். நான் இரண்டு முறை விடுப்பு எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய், என் அரைகுறை ஜெர்மனில் விளக்கி மீட்டுக்கொண்டு வந்தேன். சீமந்தம் முடிந்த பெண்ணைக் கூட்டிவருவதைப் போல ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

முப்பது நாள் பரீட்சை. ஒரே நாற்பது கணக்கு, பெரியவரிலும் ஓடும் நாரையிலும் ஓடும். குறிப்பேட்டில் இடது பக்கம் பெரியவர், வலது பக்கம் நாரை. குறை வந்தால் எழுத வேண்டும். எழுதிய பிறகு ஃபிராவ் லோரன்ஸ் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிக்காரர்கள் இணையம் வழியாக உள்ளே நுழைந்து சரிசெய்யலாம். ஒரு குறைக்கு அரை மதிப்பெண் போகும். பத்துக் குறை வரை பரவாயில்லை என்றும் விதியில் இருந்தது. அந்தப் பத்து என்ற எண்ணை நானும் படித்தேன், தணிகையும் படித்தான். எங்கள் இரண்டு பேர் மண்டைக்குள்ளும் அது ஏறவில்லை.

4

பதினேழு நாள் வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. தினமும் 'குறை இல்லை' என்ற இரண்டே வார்த்தை. இடது பக்கத்தில் பெரியவருக்கு அதற்குள் ஒன்பது குறை ஏறியிருந்தது. ஒரு கணக்கு நின்றது, இன்னொன்று தப்பான நேரம் காட்டியது, இப்படி. நான் தினமும் சாயங்காலம் தணிகைக்குப் போன் செய்வேன்.

"மச்சான், பதினேழாவது நாளும் சென்டம்டா."

"டேய், கண்ணு வெக்காத" என்று சிரிப்பான். பின்னால் பையன்கள் கை தட்டும் சத்தம் கேட்கும். பதினோரு பேரும் அந்த போனுக்காகவே வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று தேவி பிற்பாடு சொன்னாள்.

பதினெட்டாம் நாள் காலை ஏழரைக்கு நாரையில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. நாற்பதில் ஒன்று. பேனாவை எடுத்தேன். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தேன். எழுத மனம் வரவில்லை. முதலில் அவனுக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அங்கே மணி பதினொன்று.

"இன்னா மச்சான், காலங்காத்தால?"

"இருபத்திரண்டாவது கணக்கு நிக்குதுடா. எழுதறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு..."

அவன் குரல் தணிந்தது. "எயிதிட்டியா?"

"இல்ல."

"எயிதாத. அரை மணி நேரம் குடு. எனக்குத் தெரியும் எங்கன்னு. உள்ள பூந்து தட்டிட்டு வந்துர்றேன். யாருக்கும் தெரியாது."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரை மணி நேரம் என்பது எங்களுக்குப் புதிதல்ல. அந்தப் பழைய ஆபீஸில் நாங்கள் கற்ற தொழிலே அதுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் தூங்கி எழுவதற்குள் தப்பை ஓசைப்படாமல் சரிசெய்துவிட வேண்டும். அவர் கேட்டால் நோ பிராப்ளம் சார். யார் கண்ணிலும் படாமல் பத்துத் தப்பை மூடியவனுக்குத்தான் அங்கே பதவி உயர்வு. எனக்கு இரண்டு முறை கிடைத்தது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஃபிராவ் லோரன்ஸ் ஒருமுறை என்னைப் பார்த்து, "பிரச்சினை என்னவென்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிரச்சினை இல்லை என்கிறீர்களே" என்று கேட்டார். அப்போது அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இருபது நிமிஷத்தில் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. அவன் கெட்டிக்காரன், அரை மணி நேரம்கூட அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. நான் பேனாவைத் திறந்து வலது பக்கத்தில் 'குறை இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து எப்போதும்போல அழகாக விழுந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

5

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். இயந்திரத்தில் மறைக்க முடியாது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அது தானாகவே எழுதி வைத்துக்கொள்கிறது. இருபத்து நான்காம் நாள் ஃபிராவ் லோரன்ஸ் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் குறிப்பேடு திறந்திருந்தது. பக்கத்தில் அச்சடித்த ஒரு தாள். அதில் ஒரே ஒரு வரியைக் கோடிட்டிருந்தார்.

"இந்தக் காலையில் செங்கல்பட்டிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். உங்கள் பக்கத்தில் எதுவும் இல்லையே" என்றார். ஊர்ப் பெயரைச் சிரமப்பட்டு, எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

எனக்கு ஜெர்மன் மறந்தது. இங்கிலீஷும் மறந்தது. "சின்னக் குறைதான்" என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குறிப்பேட்டின் இடது பக்கங்களைப் புரட்டினார். என் கையெழுத்தில் பதினான்கு குறைகள். "இந்தப் பதினான்கும் எனக்குக் கவலை இல்லை. இந்த இயந்திரம் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்வேன்." பிறகு வலது பக்கத்தில் விரலை வைத்தார். "இது எங்கே விழும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு ஆற்றில் தண்ணீர் ஏறும்போது இதன் பேச்சை நம்பி ஒரு லட்சம் பேரைத் தூங்கச் சொல்ல என்னால் முடியாது."

அன்றே பரீட்சை நின்றது. எழுதியிருந்தால் அரை மதிப்பெண். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை நான் போட்டு உடைத்தேன்.

அன்றிரவு தணிகைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவனிடமிருந்து அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தான் யாரிடமும் கேட்காமல் உள்ளே நுழைந்ததாகவும், திரு வேதகிரிக்கு இது தெரியவே தெரியாது என்றும், குறை தன் தரப்பிலேயே முடிந்துவிட்டதால் அவர் கண்ணில் பட வாய்ப்பில்லை என்றும் எழுதியிருந்தான். ஃபிராவ் லோரன்ஸ் என்னிடம் அதைக் காட்டி, "இது சரியா?" என்று கேட்டார். சின்னக் குறை என்று முதல் நாள் நானே உளறியது அவருக்கு நினைவிருந்திருக்கும். இருந்தும் கேட்டார். ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

என் விண்ணப்பம் குடியுரிமை அலுவலகத்தில் நான்கு மாதமாக இருந்தது. நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்ற சான்றிதழை வைத்துத்தான் அது நகர்கிறது. வீட்டு வாடகை, யாழினியின் பள்ளி, சுமதியின் விசா, எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

"சரிதான்" என்றேன்.

6

இந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்த பிறகு, எங்கெங்கே தப்புச் செய்தோம் என்று மாணவர்களே தனியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. யாழினி அந்த நவம்பரில் கணக்குத் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு தன் தப்புகளை வரிசையாக எழுதினாள். பாதிக்குப் பாதி தப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"உள்ள போய் எழுதும்மா. யாராச்சும் வந்தா பார்ப்பாங்க."

"பார்த்தா என்ன?" என்று ஜெர்மனில் கேட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம்.

"அவமானம் இல்லையா?"

"தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா." இதை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "தணிகை அங்கிள் கம்பெனி மூடிட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. அவங்க மெஷின் நல்லா இல்லையா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்ல மெஷின்."

"அப்புறம் ஏன்?"

உப்பு எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன். உப்பு மேஜையிலேயே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் அதிகமாகக் கேட்பதில்லை.

7

ஜனவரியில் ஊருக்குப் போனேன். சுமதியிடம் அம்மாவைப் பார்க்க என்று சொன்னேன். செங்கல்பட்டில் ஷோரூமுக்கு மேலே போனால், மாடிப்படிக் கதவில் பூட்டு. நாரை என்று எழுதிய பலகையைக் கழற்றிய இடத்தில் நான்கு ஓட்டை. கீழே வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர், "அவுங்கோ காலி பண்ணிட்டாங்க சார், பொங்கலுக்கு முன்னாடியே" என்றார்.

தணிகை பூஞ்சேரி கூட்ரோட்டுக்கே வரச் சொன்னான். தேவியும் வந்திருந்தாள். இளைத்திருந்தான். வேர்க்கடலை கொண்டுவந்திருந்தான். பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான். நான் தொடவில்லை.

"பசங்க எல்லாம்?"

"மூணு பேரு பெரியவர்கிட்டயே பூட்டாங்க. சிறுசேரில ஆபீஸ் தொறந்துகினு கீறாங்க இல்ல. நல்ல பசங்க, எடுத்துக்குவாங்க." கடலையை உடைத்தான். "அவன் பதினாலு தப்பு பண்ணான்னு சொன்ன. அவன் பண்ணா, அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்ன்றான், எல்லாரும் சரின்றாங்க. நாம ஒண்ணு பண்ணா கடைய மூடணும். அப்புடினு நாமளே நெனச்சுகினோம் மச்சான். அவங்க நெனைக்கல. அதான் வயித்தெரிச்சலு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானைக்கு அது சரி. பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டியும் அதே மாதிரி விழுந்து எழலாம் என்று ஃபிராவ் லோரன்ஸ் பத்துக் குறை வரைக்கும் இடம் விட்டு வைத்திருந்தார். எங்களுக்குத்தான் விழத் தெரியவில்லை.

"தணிகா, நான் அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிடறேன். நான்தான் உனக்கு போன் பண்ணேன்னு."

தேவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் அரசுப் பள்ளியில் ஆசிரியை, மெல்லப் பேசுகிறவள். "சொன்னா ஆபீஸ் திரும்ப வந்துருமாண்ணே?"

"அது இல்லம்மா..."

"எட்டு வருஷம்ணே. எம் புள்ளைங்க அப்பாவ ஞாயித்துக்கிழமைலதான் பார்த்துச்சுங்க. அன்னைக்கு நீங்க எழுதிட்டு அப்பறம் போன் பண்ணியிருக்கலாம். அவ்ளோதான் நான் கேக்கறேன். வேற ஒண்ணும் இல்ல." அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய் நின்றாள்.

தணிகை அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "உன் பேப்பரு வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"வரட்டும். அது வர வரிக்கும் வாய மூடிகினு இரு. ஒர்த்தன் பொழச்சா போதும்." அவன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, தியாகமாகவும் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். பிறகு எழுந்து போய் டீக்காரனிடம் மூன்று டீக்கும் காசு கொடுத்தான். அவர்கள் ஏறிய செய்யூர் பஸ் கிளம்பும்வரை நான் அங்கேயே நின்றேன். அவன் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தான். கையசைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் போனை அவன் எடுக்கவில்லை. குரூப்பிலிருந்தும் விலகிவிட்டான். ஏன் விலகினான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

8

இதை நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பேப்பர் வந்துவிட்டது, இனி வாயைத் திறக்கலாம் என்று வியாழக்கிழமை முதல் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஃபிராவ் லோரன்ஸின் அறை வரைக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்து என்ன என்பதைப் போலப் பார்த்தார். காலை வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நேர்காணலுக்குத் தேதி கொடுக்கட்டும், சான்றிதழ் கையில் வரட்டும், பழைய பாஸ்போர்ட்டை ரத்துசெய்து ஓட்டை போட்டுக் கொடுக்கட்டும், பிறகு சொல்லலாம். எனக்கு எப்போதும் இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்கும். இது எனக்கே தெரிகிறது.

இன்று செவ்வாய். காலை ஏழே காலுக்கு இயந்திர அறைக்குப் போனால், பெரியவரின் கார்டில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. இருபத்திரண்டாவது கணக்கு. அது நின்ற விதம் எனக்குப் பழக்கமானது. போன வருடம் நாரை நின்ற அதே இடம், அதே மாதிரி. பெரியவரின் உதவிப் பிரிவுக்கு விவரம் எழுதி அனுப்பினேன். இப்போதெல்லாம் அந்தக் கடிதங்கள் எங்கே போகின்றன என்று நான் யோசிப்பதில்லை. அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இப்படி வரும்:

'மதிப்புக்குரிய திரு வேதகிரி அவர்களுக்கு, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்டுள்ள குறை நாங்கள் ஏற்கெனவே அறிந்ததுதான். அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும். அதுவரை அந்தக் கணக்கை நிறுத்தி மீண்டும் தொடங்கவும். இந்தக் குறையைத் தங்கள் குறிப்பேட்டில் தவறாமல் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே உதவிப் பொறியாளர், சிறுசேரி என்று போட்டு, தணிகைவேல் என்று இருந்தது.

குறிப்பேட்டில் பதிவு செய்துகொள்ளச் சொல்லும் வரி அந்தக் கம்பெனியின் கடிதங்களில் வழக்கமாக வருவதில்லை. இத்தனை வருடத்தில் ஒன்றில்கூட நான் பார்த்ததில்லை.

அவனால் அதை இருபது நிமிஷத்தில் சரிசெய்ய முடியும். எங்கே தட்ட வேண்டும் என்று உலகத்திலேயே அவனுக்குத்தான் தெரியும். தட்டச் சொல்லி இப்போது அவனை யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த பதிப்பு வரும்வரை நாங்கள் நிறுத்தி நிறுத்தித் தொடங்கிக்கொண்டிருப்போம், யாரும் கவலைப்படமாட்டார்கள். பெரியவர் விழுவாரா என்று குரூப்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பேனாவை எடுத்தேன். தேதி, நேரம், இருபத்திரண்டாவது கணக்கு பாதியில் நின்றது, கம்பெனிக்குத் தெரிவிக்கப்பட்டது என்று இடது பக்கத்தில் வரிசையாக எழுதினேன். பதில் அளித்தவர் பெயர் என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. போன வருடம் இதே மாதத்தில் வலது பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய பெயரை, ஒரு எழுத்துக் குறையாமல், அந்தக் கட்டத்தில் எழுதினேன்.